அஞ்சாவது யூனிட்

என் மகளின் தலை எலக்ட்ரிக்கல் துறையில் இருந்தது. கால் மெக்கானிக்கல் துறையில் இருந்தது. நான் கறிக்கடைக்காரன். தலை ஒரு வீட்டுக்கும் கால் ஒரு வீட்டுக்கும் போவதை ஆயுசு முழுக்கப் பார்த்தவன். ஆனால் உருப்படி உயிரோடு நிற்கும்போதே பங்கு பிரித்ததை அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பார்த்தேன்.

அவள் கடைக்குட்டி. வீட்டில் எல்லாருக்கும் குட்டிதான். எஞ்சினியரிங் கடைசி வருஷம், மெக்கானிக்கல். அன்றைக்கு அவளுக்குக் கடைசிப் பரீட்சை. எழுதுகிற பரீட்சை இல்லை. செய்த ப்ராஜெக்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற வாத்தியார் கேட்பதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். வைவா என்கிறார்கள். அதில் பாஸானால் பட்டம். பட்டம் வந்தால் ஒரு கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. என்ன வேலை என்று கேட்டேன். காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, கோபமாகப் போன் செய்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். "இதுக்கு எதுக்கும்மா நாலு வருஷம் மெஷின் படிச்ச?" என்றேன். "அப்பா, உங்களுக்குப் புரியாது" என்றாள். அந்த நாலு வருஷத்தில் அவள் பிசகில்லாமல் படித்த பாடம் அது ஒன்றுதான்.

அவளுடைய ப்ராஜெக்ட் ஒரு லிஃப்ட். தெர்மாகோலில் செய்தது. அவள் செய்யவில்லை, ப்ராஜெக்ட் விற்கிற கடையில் வாங்கினாள். கடைக்காரன் நல்லவன், பெயர் மட்டும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று இடம் விட்டு வைத்திருந்தான். பாட்டரி போட்டால் சின்னப் பெட்டி மேலே போகும், கீழே வரும். உச்சியில் 'விபத்தில்லா லிஃப்ட்' என்று எழுதி ஒட்டியிருந்தது. பஸ் நெரிசலில் விபத்தில்லா லிஃப்ட் நொறுங்கிவிடும் என்று அவள் பயந்ததால், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மொபெட்டில் நானே கொண்டுபோய் விட்டேன். அப்படித்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

அவள் துறை முதல் மாடியில். வைவா நடக்கிற அறை ஐந்தாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் ஒரு பழைய லிஃப்ட் இருந்தது. கம்பிக் கதவு போட்ட கூண்டு. வருஷம் முழுக்கப் பூட்டியே இருக்கும். பெரிய மனிதர்கள் வரும் நாளில் திறப்பார்கள். முதல் மாடிக் கதவைப் பிள்ளைகள் இழுத்து இழுத்துத் திறக்கிறார்கள் என்று, உச்சியில் கை எட்டாத இடத்தில் ஒரு சங்கிலியைச் சுற்றிப் பூட்டும் போட்டிருந்தார்கள். சாவி எங்கே என்று பிறகு நான் கேட்டபோது, பத்திரமாக இருக்கிறது என்றார்கள். பத்திரமாக இருப்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குத் தரைத்தளக் கதவும் ஐந்தாம் மாடிக் கதவும் மட்டும் திறந்திருந்தன. குட்டி தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனாள். மெக்கானிக்கல் துறைத் தலைவர் வந்தார். கழுத்தில் டை கட்டியிருந்தார். எங்கள் கடையிலும் சிலதுக்குக் கழுத்தில் கயிறு இருக்கும்.

"ஏம்மா, லிஃப்ட்ல ஏறு."

"சார், ஸ்டூடன்ட்ஸ் ஏறக் கூடாதே?"

"இன்னைக்கு ஏறலாம். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்றதுக்கு முன்னால ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடணும். ஏதாவது ஆச்சுன்னா அவருக்கு ஆகக் கூடாது பாரு."

குட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் தொட்ட முதல் மெஷின் அது. மற்றதெல்லாம் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பொணம் மாதிரி வரிசையாகக் கிடந்தன. "ஓட்டினா தேயும், கமிட்டி வந்தா காட்டணும்" என்று அட்டெண்டர் சொன்னார்.

லிஃப்ட் கிளம்பியது. முதல் மாடியைத் தாண்டியதும் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. இரண்டாம் மாடிக்கு ஓடினேன். அது எலக்ட்ரிக்கல் துறை. கம்பிக்குப் பின்னால், தரையை ஒட்டி, குட்டியின் முகம் மட்டும் தெரிந்தது. முதல் மாடிக்கு இறங்கி ஓடினேன். மேலே உத்தரத்துக்குக் கீழே அவளுடைய இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, கம்பிக்குள் விரலை விட்டு அவள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, கூசுது."

"பயப்படாதே, குட்டி. இங்க எல்லாருமே எஞ்சினியருங்க" என்றேன். வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

எஞ்சினியர்கள் வந்தார்கள். கூட்டமாக வந்தார்கள். எலக்ட்ரிக்கல் தலைவர் படியிலிருந்தே கத்தினார்.

"இது எங்க கேஸ் இல்ல. நின்னது கூண்டு. கூண்டு மெக்கானிக்கல்."

"மோட்டார் சுத்தல, அதான் கூண்டு நின்னுச்சு. மோட்டார் உங்களது" என்றார் மெக்கானிக்கல் தலைவர்.

"பொண்ணு உங்க பொண்ணு சார்."

"பேசுறது உங்க மாடியில."

"நிக்கிறது உங்க மாடியில."

கடைசியில் ஒரு டேப் கொண்டுவந்து அளந்தார்கள். பெரும்பகுதி எந்தத் துறையில் இருக்கிறதோ அவர்கள் பொறுப்பு என்று முடிவு. அளந்து பார்த்தால், அவள் உடம்பில் பெரும்பகுதி இரண்டு மாடிக்கும் நடுவே காங்கிரீட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்த இடம் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. சிவில் துறையைக் கூப்பிட்டார்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது, அதனால் எங்களுக்கு வேலையில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அளந்துகொண்டிருக்கும்போதே கூண்டு 'டக்' என்று விரற்கடை இறங்கியது. குட்டி வீறிட்டாள். எலக்ட்ரிக்கல் தலைவர் குனிந்து அளவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பார்த்தீங்களா? தானாவே உங்க பக்கம் வருது. இன்னும் கொஞ்சம் பொறுத்தா முழுசா உங்க பொண்ணுதான்."

நான் கும்பிட்டேன். "சார், நம்ம கடை பக்கத்துலதான். வெட்டுக்கத்தி எடுத்துட்டு வர்றேன். அந்தச் சங்கிலியில ஒரே போடு. கதவைத் திறந்தா கால் வழியா இறக்கிடலாம்."

"பெரியவரே, நீங்க சொல்றது சேதம்" என்றார் மெக்கானிக்கல் தலைவர். "ஒரு சங்கிலி எவ்வளவு பாரத்துல அறும்னு நாங்க கணக்குப் போட்டுச் சொல்லுவோம். அறுக்கிறது எங்க வேலை இல்ல. நாங்க டிப்ளமோ கிடையாது."

அப்புறம் டீன் வந்தார். அவர் வந்ததும் எல்லாரும் கூண்டை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். டீன் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அந்தக் கட்டடத்தில் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி.

"நடுவுல நின்ன லிஃப்டைக் கையால எப்படி இறக்குறது? அது யாரோட பாடம்?"

"என் பாடம்தான் சார்" என்றார் மெக்கானிக்கல் தலைவர். "இருபது வருஷமா நான்தான் எடுக்கிறேன். ஆனா சார்... லிஃப்ட் அஞ்சாவது யூனிட்."

இழவு வீட்டில் செத்தவர் பெயரைச் சொன்ன மாதிரி எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது என்ன அஞ்சாவது யூனிட் என்று நான்தான் கேட்டேன். தரையோடு தரையாக இருந்த தலை பதில் சொன்னது.

"அப்பா, ஒவ்வொரு பாடத்துக்கும் அஞ்சு யூனிட். கேள்வித்தாள்ல சாய்ஸ் இருக்கும். நாலு யூனிட் படிச்சாலே பாஸ். அதனால அஞ்சாவதை யாரும் படிக்க மாட்டோம். சாய்ஸ்ல விட்டுடுவோம்."

"நீங்க படிக்காம விட்டா, வாத்தியார் நடத்துவாரில்ல?"

"பசங்க படிக்காததை நடத்துறது பசங்க மேல வன்முறை, பெரியவரே" என்றார் மெக்கானிக்கல் தலைவர். "அதுவும் இல்லாம, நான் படிக்கிற காலத்துல நானும் அதை சாய்ஸ்லதான் விட்டேன். என் வாத்தியாரும் விட்டவர்தான். அப்படி விட்டும் நான் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கேன்."

டீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாலு யூனிட் என்ன நாலு யூனிட்? எங்க காலத்துல மூணு படிச்சே பர்ஸ்ட் கிளாஸ்." உடனே துணைவேந்தருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அவர் தன் காலத்தில் இரண்டோடு நிறுத்திவிட்டாராம். பதவி ஏற ஏற யூனிட் இறங்கிக்கொண்டே போனது. இதற்குமேல் கேட்டால் ஒன்றுமே படிக்காதவர் யாராவது வந்து நிற்பார், அவர் என்ன பதவியில் இருப்பாரோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

நூலகத்திலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். தலையணை தடிமன். முக்கால்வாசி, எச்சில் தொட்டுப் புரட்டி ஓரம் கறுத்திருந்தது. கடைசிக் கால்வாசி வெள்ளை வெளேரென்று, கத்தி படாத கொழுப்பு மாதிரி இருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதிப் பிரித்தார்கள். டீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். லிஃப்டின் வரலாறு இருந்தது. லிஃப்டின் வகைகள் இருந்தன. கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தி, உரக்கப் படித்து எனக்கும் அர்த்தம் சொன்னார்.

"நின்றுபோன லிஃப்டைக் கையால் இறக்கும் முறை, மாணவருக்குப் பயிற்சியாக விடப்படுகிறது."

எல்லாரும் திரும்பி, கூண்டுக்குள் இருந்த மாணவியைப் பார்த்தார்கள்.

"ஆக, இது உன் வேலைதாம்மா" என்றார் டீன். குரலில் ஒரு பெரிய நிம்மதி. "புத்தகமே சொல்லிடுச்சு."

இந்த நேரத்தில்தான் வெளித்தேர்வாளர் வந்து சேர்ந்தார். லிஃப்டில் வர வேண்டியவர் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நடந்ததைச் சொன்னார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ரயில் இருக்கு. இவளை மட்டும் விட்டுட்டு மத்தவங்களை முடிச்சுடறேன். இவ அடுத்த செமஸ்டர்ல வரட்டும்."

"சார்!" என்று தலை அலறியது. கூண்டு இறங்கியபோதுகூட அப்படி அலறவில்லை. "சார், அடுத்த செமஸ்டர்னா எனக்கு வேலை போயிடும் சார்! நான் இங்கிருந்தே சொல்றேன் சார்!"

"முதல்ல புள்ளையை இறக்குங்க. அப்புறம் கேளுங்க" என்றேன் நான்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க! சார், அவர் வெளியாள் சார்."

அவள் சொன்னது தப்பில்லை. நான் வெளியில்தான் நின்றிருந்தேன்.

ஆனால் ஒரு சிக்கல். வைவா என்றால் தேர்வு மையத்தில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது. டீன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த இடத்திலேயே லிஃப்டைத் தேர்வு மையமாக அறிவித்தார். இரண்டு தலைவர்களும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, முதல் மாடிச் சங்கிலிப் பூட்டின்மேல் பசை தடவி ஒட்டி, அரக்கு முத்திரையும் வைத்தார்கள். காலையிலிருந்து அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அது. சண்டைக்காரப் பங்காளிகள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருவர் முகத்திலும் சிரிப்பு.

எலக்ட்ரிக்கல் மாடியில் மேஜை நாற்காலி போட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் தேர்வாளர். இந்தப் பக்கம் தரையில் ஒரு தலை. மேஜை மறைத்ததால் அவருக்கு அவள் தெரியவில்லை. அவர் அதைக் குறையாகச் சொல்லவுமில்லை. குட்டிக்குத் தாகம் என்று நான் தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்குள் நீட்டினேன். கண்காணிப்பாளர் பிடுங்கி, மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்தார். அதில் எழுத்து இருக்கிறதாம். பார்த்து எழுதிவிடலாமாம்.

"ப்ராஜெக்டை ஓட்டிக் காட்டும்மா."

அவள் தெர்மாகோல் லிஃப்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். சின்னப் பெட்டி வழுக்கிக்கொண்டு மேலே போனது, கீழே வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

"பிரமாதம். லிஃப்டோட நன்மைகள் ரெண்டு சொல்லு."

"நேரம் மிச்சம் சார். உழைப்பு மிச்சம் சார்."

"குறைபாடு ஒண்ணு?"

"கரண்ட் வேணும் சார்."

"குட். லிஃப்ட் நடுவுல நின்னா, உள்ள இருக்கிறவங்களை எப்படி இறக்குவ?"

மெக்கானிக்கல் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். குட்டி கொஞ்சம் தயங்கினாள்.

"சார்... அது அஞ்சாவது யூனிட் சார்."

தேர்வாளர் முகம் மலர்ந்தது. மேஜைக்கு மேலாக எட்டி முதல்முறையாக அவளைப் பார்த்தார். "அடடே! நீங்களும் அஞ்சாவதைத்தான் விடுவீங்களா? எங்க யுனிவர்சிட்டியிலயும் அதேதான்! பாடத்திட்டம்னா இப்படித்தான் நாடு முழுக்க ஒரே சீரா இருக்கணும்." முழு மார்க் போட்டார்.

"அப்பா! பாஸாயிட்டேன்ப்பா!" என்று தலை என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து வந்தபோது சிரித்தாள். அன்றைக்கு என்னிடம் ஓடி வந்தாள்.

டீன் எழுந்து பேச ஆரம்பித்தார். எல்லா மாடியிலிருந்தும் பிள்ளைகளை வரவழைத்திருந்தார்கள்.

"அன்பு மாணவர்களே! ஊர்ல எத்தனையோ லிஃப்ட் நிக்குது. ஆனா நம்ம லிஃப்ட் நின்னப்ப, அது வகுப்பறை ஆச்சு, தேர்வு மையம் ஆச்சு. நம்ம பசங்களை ஒரு மெஷினையும் தொட விடுறதில்லன்னு சிலர் குறை சொல்றாங்க. ஏன் விடணும்? இங்க தொட்டுப் பழகினா வெளியே போய் எல்லாத்தையும் தொடுவாங்க. ஒரு விபத்து நடந்தா நாளைக்கு யாரும் நம்ம பேரைச் சொல்லக் கூடாது. இன்னைக்கு வரைக்கும் நம்மகிட்ட படிச்ச எஞ்சினியர் செஞ்ச எந்தப் பாலமும் இடிஞ்சதில்ல. ஏன்னா நம்மகிட்ட படிச்ச எவனும் பாலம் கட்டினதில்ல!"

கைதட்டலில் தரை அதிர்ந்தது. கூண்டு 'டடக்' என்று இறங்கியது. இந்தத் தடவை விரற்கடை இல்லை, முழம். குட்டியின் முகம் எலக்ட்ரிக்கல் துறையிலிருந்து மறைந்துபோனது. நான் விழுந்தடித்து முதல் மாடிக்கு ஓடி ஸ்டூலில் ஏறினேன். முழங்கால்வரை இறங்கியிருந்தாள். மேலே எங்கேயோ கயிறு பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

எலக்ட்ரிக்கல் தலைவர் படியில் இறங்கி வந்து, மெக்கானிக்கல் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் சார். உங்க பொண்ணு."

"இப்பவாவது திறங்க சார்" என்றேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்படிங்க திறக்கிறது?" என்றார் மெக்கானிக்கல் தலைவர். பொறுமையாகத்தான் சொன்னார். "முத்திரை வெச்சாச்சு. ரிசல்ட் வெளியான பிறகு தேர்வுக் கட்டுப்பாட்டாளர் வந்துதான் பிரிக்கணும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அவர் திங்கள்கிழமை வருவார். அதுக்கு முன்னால யாராவது பிரிச்சா அது முறைகேடு. மூணு வருஷம் பரீட்சையே எழுத முடியாது. உங்க பொண்ணோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சாயங்காலம் கல்லூரி பஸ்கள் ஹாரன் அடித்தன. ஒரு நிமிஷத்தில் கட்டடம் காலியானது. போகிற போக்கில் டீன் நோட்டீஸ் பலகையில் ஒரு தாளைக் குத்தச் சொல்லிவிட்டுப் போனார். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று போட்டிருந்ததாக அட்டெண்டர் படித்துச் சொன்னார். பிறகு அவரும் சைக்கிளை எடுத்தார்.

நான் கடைக்குப் போய் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். காலையில் கறி வாடை அடிக்கிறது என்று என்னை ஓரமாக நிற்கச் சொன்ன காவலாளி, இப்போது கத்தியைப் பார்த்ததும் தானே ஓரமாக நின்றுகொண்டார்.

ஸ்டூலில் ஏறினேன். குட்டி கூண்டின் தரையில் குந்தியிருந்தாள். காலையிலிருந்து அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அப்போதுதான். உதடு வெடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருமை. மடியில் அந்தத் தெர்மாகோலை வைத்திருந்தாள், அடிபடாமல்.

"கையை உள்ள இழுத்துக்க, குட்டி. ஒரே வெட்டு. கதவு திறந்ததும் என் தோள்ல காலை வெச்சு இறங்கிடு."

அவள் கத்தியைப் பார்த்தாள். பிறகு பூட்டைப் பார்த்தாள். கம்பிக்குள் கையை விட்டு, பூட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா."

"விடுடி கையை!"

"முத்திரை உடைஞ்சா ரிசல்ட்டை நிறுத்திடுவாங்கப்பா. திங்கள்கிழமை வரைக்கும்தானே? நான் இருந்துடுவேன்."

"கயிறு கத்துது, உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. ஆனா அது அறும்னு கணக்குப் போட்டு யாரும் சொல்லலையேப்பா."

"குட்டி, சொன்னாக் கேளு..."

"அப்பா, உங்களுக்குப் புரியாது."

கத்தியை ஓங்கினேன். அவள் கையை எடுக்கவில்லை. கட்டையில் வைத்த மாதிரி பூட்டின்மேல் அவள் கை கிடந்தது. ஐந்து விரலும் விரித்திருந்தன. என் தொழிலில் எத்தனையோ உருப்படிகளைப் பார்த்துவிட்டேன். புத்தி கெட்ட ஆடுகூடக் கயிற்றை இழுக்கும், காலை உதறும், கத்தும். கதவை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்ததில்லை. அதை நாலு வருஷம் பணம் கட்டிப் படிக்க வைத்தவனும் நான்தான்.

கத்தியை இறக்கினேன்.

அப்போது கூண்டு மறுபடியும் இறங்கியது. ஒரு சாண் இருக்கும். அவள் கீழே விழுந்து, தெர்மாகோல் நொறுங்கி, விபத்தில்லா லிஃப்ட் வெள்ளை வெள்ளையாகக் கம்பி வழியே என் தலையில் கொட்டியது. மேலே கயிறு நீளமாக ஒரு சத்தம் போட்டு அடங்கியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் தெளிவாக இருந்தது.

"அப்பா... முத்திரை கிழிஞ்சிருக்கான்னு பாருங்க."

பார்த்தேன். கிழியவில்லை.